உறங்கும் கணிப்பொறியின் கதை

மின்விசிறியை அணைத்தால் விசிறி நிற்கிறது, மின்செலவும் நிற்கிறது. மீண்டும் பொத்தானை அழுத்தினால் சுழலத் தொடங்குகிறது. இடையில் அது எதையும் மறப்பதில்லை. ஏனெனில், நினைவில் வைத்திருக்க அதனிடம் ஒன்றும் இல்லை. கணிப்பொறியின் நிலை வேறு. பாதியில் நிற்கும் கணக்கு, எழுதி முடிக்காத கடிதம், வலையமைப்பின் வழியே வந்துகொண்டிருக்கும் செய்தி ஆகிய அனைத்தையும் அது சுமந்துகொண்டிருக்கிறது. கணிப்பொறியை அணைப்பது எளிது. இழப்பின்றி அணைப்பதும், வேண்டிய கணத்தில் பழைய நிலைக்கே கொண்டுவருவதும்தான் கடினம்.

கணிப்பொறிகளின் மின்செலவைக் குறைக்கச் செய்யப்பட்ட முயற்சிகளின் வரலாறு, இந்தக் கடினத்தோடு பொறியியலார் நடத்திய போராட்டத்தின் வரலாறே ஆகும். ஒவ்வொரு முயற்சியும் ஓரிடத்தில் ஆற்றலை மிச்சப்படுத்தி, வேறோரிடத்தில் ஒரு விலையைக் கேட்டது. அவ்விலை சில வேளை நேரம். சில வேளை பொறியின் ஆயுள். சில வேளை நம்பகத் தன்மை. பயன்படுத்துவோர் அவ்விலையைத் தர மறுத்தபோது சேமிப்பு ஏட்டளவில் நின்றுவிட்டது. இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண்போம்.

குழல்களின் காலம்

1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் என்னும் கணிப்பொறி உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. எடை சுமார் 30 டன். தேவைப்பட்ட மின்திறன் சுமார் 150 கிலோவாட். வெற்றிடக் குழலில் இழை சூடாக இருந்தால்தான் எலக்ட்ரான்கள் வெளிப்படும். ஆகையால் கணக்கு நடந்தாலும் நடக்காவிட்டாலும் 18,000 இழைகளும் கனன்றுகொண்டே இருக்க வேண்டும்.

வேலையில்லாத வேளையில் அணைத்து வைக்கலாமே என்று தோன்றும். ஆனால், குழல்கள் மிகுதியாகப் பழுதானது சூடேறும்போதும் ஆறும்போதும்தான். உலோகமும் கண்ணாடியும் விரிந்து சுருங்கும்போது ஏற்படும் தகைவை அவை தாங்கவில்லை. எனவே எனியாக்கை இயன்றவரை அணைக்காமலேயே வைத்திருந்தனர். அதன் வடிவமைப்பாளர்களுள் ஒருவரான எக்கர்ட், குழல்களை அவற்றின் முழுத் திறனுக்கு வெகுவாகக் குறைந்த அளவிலேயே இயங்கச் செய்தார். இவ்வழிகளால் பழுது இரண்டு நாள்களுக்கு ஒரு குழல் என்னும் அளவுக்குக் குறைந்தது. பின்னர் அபர்டீன் நகருக்கு மாற்றப்பட்ட அப்பொறி, 1955ஆம் ஆண்டு அக்டோபர் வரை உழைத்தது.

அணைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்னும் பாடம் இவ்வாறு முதல் தலைமுறைக் கணிப்பொறியிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு மதகுகள்

1947ஆம் ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடான இழை தேவையில்லை. எனினும் தொடக்ககாலச் சுற்றுகள் பலவற்றில், வேலை நடக்காதபோதும் மின்தடைகளின் வழியே மின்னோட்டம் கசிந்தோடிக்கொண்டே இருந்தது.

இக்குறையை நீக்கும் வழியை 1963ஆம் ஆண்டில் ஃபேர்சைல்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் வான்லாஸ் கண்டார். ஒரே கால்வாயில் அடுத்தடுத்து இரண்டு மதகுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று திறந்தால் மற்றது தானே மூடிக்கொள்ளும். அப்போது நீர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓட வழியே இல்லை. அதுபோல எதிரெதிர்த் தன்மையுடைய இரண்டு டிரான்சிஸ்டர்களை அவர் இணைத்தார். நிலை மாறும் கணத்தில் மட்டுமே மின்னோட்டம் பாயும். மற்ற நேரத்தில் அநேகமாக ஒன்றும் பாயாது. இதுவே சீமாஸ் முறை. வான்லாசும் சா என்பவரும் அவ்வாண்டு அளித்த ஆய்வுரையின் தலைப்பிலேயே நானோவாட் என்னும் சொல் இடம்பெற்றது. நானோவாட் என்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு.

ஆனால் அன்றைய சீமாஸ் சுற்றுகள் மெதுவாகவே இயங்கின. ஆகவே அவை முதலில் கைக்கடிகாரங்களுக்கும் விண்கலங்களுக்கும் பயன்பட்டன. வேகமே முதன்மையாகக் கருதப்பட்ட பெருங்கணிப்பொறிகள் மின்னாற்றலை விழுங்கும் பழைய இருமுனை டிரான்சிஸ்டர்களையே நம்பியிருந்தன. அவற்றைக் குளிர்விக்கக் குழாய்களில் நீர் பாய்ச்ச வேண்டியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெருங்கணிப்பொறிகளைச் சீமாஸ் முறைக்கு மாற்றத் தொடங்கியது 1994இல்தான்.

சீமாஸ் சுற்றின் இயக்கத்தில் செலவாகும் திறனை ஓர் எளிய விதி தருகிறது. அது மின்தேக்குத் திறன், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகிய மூன்றின் பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் அமையும். இவ்விதியை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

மின்கலம் தந்த நெருக்கடி

சுவரிலிருந்து மின்சாரம் பெறும் கணிப்பொறியின் செலவைப் பற்றி நெடுங்காலம் எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மின்கலத்தில் இயங்கும் மடிக்கணிப்பொறி வந்ததும் நிலைமை மாறியது. 1990ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் மடிக்கணிப்பொறிகளுக்கென்றே 386எஸ்எல் என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அதில் புதியதோர் இயக்க முறை சேர்க்கப்பட்டது. நடந்துகொண்டிருக்கும் வேலையைச் சட்டென்று நிறுத்தி, மின்செலவைக் கவனிக்கும் சிறு நிரலை நுண்செயலி இயக்கும். முடிந்ததும் பழைய வேலைக்குத் திரும்பும். கணிப்பொறியின் பணிகளையெல்லாம் மேற்பார்வையிடும் இயக்க அமைப்புக்கே இது தெரியாது.

கடிதம் எழுதுபவருக்கு இதனால் தொல்லையில்லை. ஆனால் கணிப்பொறியை ஓர் அளவுகருவியோடு இணைத்து, சீரான இடைவெளியில் அளவுகளைப் பதிவு செய்பவருக்கோ அந்தக் காணாமற்போன மைக்ரோ நொடிகள் பெருங்குறையாகும். நிகழ்நேரக் கட்டுப்பாட்டுப் பொறிகளை அமைப்போர் இம்முறையோடு பல்லாண்டுகள் மல்லாட வேண்டியிருந்தது.

1992இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் ஏ.பி.எம். என்னும் பொதுவிதியை வகுத்தன. இம்முறையில், எப்போது உறங்குவது என்னும் முடிவைப் பெரும்பாலும் பயாஸ் எனப்படும் அடிப்படை நிரலே எடுத்தது. அதற்கு வெளிக்குறிகள் மட்டுமே தெரியும். விசைப்பலகை வெகுநேரம் தொடப்படவில்லையெனில், ஆளில்லை என்று அது முடிவு செய்யும். விரிவுரையாளர் ஒரு வரைபடத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கையில் திரை திடீரென்று இருண்டுபோவது இதனால்தான். அவர் அடுத்த முறை செய்வது என்ன? அந்த வசதியையே முற்றிலும் நிறுத்திவிடுவார். அன்று தொடங்கி இன்றுவரை ஆற்றல் சேமிப்பின் பெரும்பகை இதுவே.

நட்சத்திர முத்திரை

1992ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எனர்ஜி ஸ்டார் என்னும் முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. முதன்முதலில் முத்திரை பெற்றவை கணிப்பொறிகளும் அவற்றின் திரைகளுமே. வேலையில்லாத வேளையில் 30 வாட்டுக்கு மேல் செலவிடாத நிலைக்குத் தானாகச் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 1993 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் கிளிண்டன், அரசு அலுவலகங்கள் இம்முத்திரையுள்ள கணிப்பொறிகளையே வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அரசு மிகப் பெரிய வாடிக்கையாளராயிற்றே! தயாரிப்பாளர்கள் விரைந்து முத்திரை பெற்றனர்.

திரைகளைப் பொறுத்தவரை இத்திட்டம் நல்ல பலன் தந்தது. 1993இல் வகுக்கப்பட்ட ஒரு விதிப்படி, கணிப்பொறி தன் ஒத்திசைவுத் துடிப்புகளை நிறுத்தினால் திரை தானே உறங்கிவிடும். சுட்டியை அசைத்தால் சில நொடிகளில் விழித்துவிடும். இழப்பதற்குத் திரையிடம் எதுவும் இல்லை. அது நம் மின்விசிறியைப் போன்றது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேலையில்லாத நேரத்தில் திரையில் மீன்களையும் பறக்கும் ரொட்டிச் சூடேற்றிகளையும் ஓடவிட்ட திரைக்காப்பு நிரல்கள், கதிர்க்குழலின் ஒளிர்பூச்சு ஒரே இடத்தில் தேயாமல் காக்க வந்தவை. அவை காத்தது பூச்சைத்தான்; மின்சாரத்தை அன்று. பெயரைக் கேட்டு மின்சாரமும் மிச்சம் என்று பலர் எண்ணிக்கொண்டனர்.

கணிப்பொறிப் பெட்டியின் கதை வேறு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தினர், அலுவலகங்களுக்கு இரவில் சென்று பொறிகளின் நிலையைக் கணக்கெடுத்து 2004இல் முடிவை வெளியிட்டனர். அணைக்காமல் விடப்பட்ட திரைகளில் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருந்தன. அணைக்காமல் விடப்பட்ட கணிப்பொறிகளிலோ மிகச் சிலவே உறங்கின. மற்றவை ஆளில்லாத அறையில் இரவு முழுதும் விழித்திருந்தன.

காரணம் இதுதான்: உறங்கும் கணிப்பொறி வலையமைப்பிலிருந்து மறைந்துவிடும். இரவில் செய்ய வேண்டிய நகலெடுப்பு நடக்காது. புதிய நிரல்களை ஏற்ற இயலாது. ஆகவே வலையமைப்பைப் பராமரிப்போரே உறக்கத்தைத் தடை செய்தனர். இதற்கு மாற்றாக, உறங்கும் பொறியைத் தொலைவிலிருந்து எழுப்பும் முறை ஒன்று 1990களின் நடுவில் வந்தது. பொறியின் முகவரியைப் பதினாறு முறை திருப்பிச் சொல்லும் தனிச் செய்தி ஒன்றை அனுப்பினால் அது விழித்துக்கொள்ளும். ஆனால் அந்த அழைப்பைக் கேட்கும் காது, அதாவது வலையமைப்பு அட்டை, இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். மேலும், ஒரு கட்டடத்தின் வலையமைப்பைத் தாண்டி வெளியிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் உரிய இடத்தைச் சென்று சேர்வதில்லை.

உறக்கமும் விழிப்பும்

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய விதியை வெளியிட்டன. முடிவெடுக்கும் பொறுப்பு பயாசிடமிருந்து இயக்க அமைப்புக்கு மாறியது. எந்த வேலை நடக்கிறது என்பது அதற்குத்தானே தெரியும்? இது பெரிய முன்னேற்றம்.

இவ்விதி பல படிநிலைகளில் உறக்கத்தை வகுத்தது. அவற்றுள் இரண்டு முக்கியமானவை. முதலாவதில், நினைவகம் தவிர ஏறக்குறைய மற்ற அனைத்தும் அணைக்கப்படும். நினைவகத்தின் ஒவ்வொரு துணுக்கும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசியும் தன்மையது. பானையில் ஓட்டை இருந்தால் அவ்வப்போது நீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா? அவ்வாறே நினைவகத்தையும் நொடிக்குப் பல முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குச் சிறிதளவு மின்சாரம் தேவை. இரண்டாவது நிலையில், நினைவகத்திலுள்ளதெல்லாம் வன்தட்டில் எழுதப்பட்டு, பொறி முற்றிலும் அணைக்கப்படும். இது ஆழ்ந்த உறக்கம்.

முதல் நிலையில் விழிப்பு விரைவு. ஆனால் மின்தடை ஏற்பட்டாலோ மின்கலம் தீர்ந்தாலோ எழுதியதெல்லாம் போய்விடும். இரண்டாவதில் இழப்பில்லை, ஆனால் எழுதவும் திரும்பப் படிக்கவும் நேரமாகும். நினைவகம் பெரிதாகப் பெரிதாக அந்நேரமும் கூடும்.

இதனினும் பெருந்தொல்லை விழிப்பில் இருந்தது. திரை, ஒலி, வலையமைப்பு, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொரு சாதனத்திற்கும் ஒரு நிரல் உண்டு. உறங்குமுன் அந்தந்தச் சாதனத்தின் நிலையை அது குறித்துக்கொண்டு, விழித்ததும் அதே நிலைக்குத் திருப்ப வேண்டும். பல நிறுவனங்கள் எழுதிய அந்நிரல்களில் ஒன்று தவறினாலும் பொறி விழிக்காது. விழித்தாலும் திரை இருண்டே கிடக்கும். ஒரு முறை தன் உழைப்பை இழந்தவர், மறுமுறை கணிப்பொறியை உறங்க விடுவாரா?

2012இல் விண்டோஸ் 8 வேறொரு முறையைக் கொண்டுவந்தது. கைப்பேசியைப் போல, திரை அணைந்த பின்னும் இடையிடையே விழித்துச் செய்திகளைப் பெறும் கோழித்தூக்கம் அது. விழிப்பு உடனடியாக நிகழும். ஆனால் ஏதேனும் ஒரு நிரல் பொறியை உறங்கவிடாமல் செய்தால், மூடிய மடிக்கணிப்பொறி பைக்குள்ளேயே சூடாகி மின்கலத்தைத் தீர்த்துவிடும். இக்குறை பலருக்கும் அனுபவமானதே.

மெதுவாகச் சென்றால் மிச்சமா?

உறங்காமலேயே சேமிக்க ஒரு வழி உண்டு. அது மெதுவாக வேலை செய்வது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மார்க் வைசரும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் இதை ஆராய்ந்தனர். முன்பு கண்ட விதியை இப்போது நினைவு கொள்க. அதிர்வெண்ணை மட்டும் பாதியாக்கினால் திறன் பாதியாகும். ஆனால் வேலை முடிய இரு மடங்கு நேரமாகும். ஆகவே மொத்த ஆற்றலில் மிச்சமில்லை. மெதுவாக இயங்கும் சுற்றுக்குக் குறைந்த மின்னழுத்தம் போதும் என்பதில்தான் இலாபம் இருக்கிறது. மின்னழுத்தத்தையும் பாதியாக்க முடிந்தால், ஒரு வேலைக்கான ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும்.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பீட்ஸ்டெப் என்னும் பெயரில் இன்டெல் இதைக் கொண்டுவந்தது. 650 மெகாஹெர்ட்சில் 1.6 வோல்ட்டில் இயங்கிய நுண்செயலி, மின்கலத்தில் ஓடும்போது 500 மெகாஹெர்ட்சுக்கும் 1.35 வோல்ட்டுக்கும் இறங்கும். கணக்கிட்டால் திறன் சுமார் 55 விழுக்காடாகக் குறைவதைக் காணலாம். நேரம் 1.3 மடங்காவதால் ஒரு வேலைக்கான ஆற்றல் ஏறத்தாழ 71 விழுக்காடு.

இது நல்ல சேமிப்பே. ஆனால் கணிப்பொறி என்பது நுண்செயலி மட்டுமன்று. எடுத்துக்காட்டாக, நுண்செயலி 20 வாட்டும், திரை முதலான மற்றவை 20 வாட்டும் செலவிடுவதாகக் கொள்வோம். ஒரு வேலை முழு வேகத்தில் 10 நொடியில் முடிந்து, பின் பொறி முழுதும் உறங்கிவிடுகிறது. செலவு 40 வாட் பெருக்கல் 10 நொடி, அதாவது 400 ஜூல். மெதுவாகச் செய்தால் நுண்செயலி 11 வாட், மற்றவை 20 வாட், நேரம் 13 நொடி. செலவு 403 ஜூல்! நுண்செயலியில் மிச்சமானதை, கூடுதலாக மூன்று நொடி விழித்திருந்த மற்ற உறுப்புகள் தின்றுவிட்டன. விரைந்து முடித்து உறங்கிவிடு என்னும் கொள்கை பின்னர் செல்வாக்குப் பெற்றதற்கு இதுவே காரணம்.

வேகத்தை மாற்றியதால் மற்றுமொரு விந்தையான குறையும் எழுந்தது. நுண்செயலியின் துடிப்புகளை எண்ணி நேரத்தைக் கணித்த நிரல்கள் பல இருந்தன. துடிப்பின் வேகமே மாறியபோது அவற்றின் கடிகாரம் தவறியது. வேகம் எதுவானாலும் சீராக எண்ணும் எண்ணியைப் பிற்கால நுண்செயலிகளில் அமைக்க வேண்டியதாயிற்று.

மின்னழுத்தத்தைத் தொடர்ந்து குறைத்துக்கொண்டே போகவும் இயலாது. அழுத்தம் குறையும்போது டிரான்சிஸ்டரின் தொடக்க மின்னழுத்தத்தையும் குறைக்க வேண்டும். அப்போது மூடியிருக்கும் மதகின் கசிவு படிக்குறி விகிதத்தில் பெருகும். 2004ஆம் ஆண்டு வாக்கில் இக்கசிவு சிறிய டிரான்சிஸ்டர்களில் பெருஞ்சிக்கலாயிற்று. சும்மா இருக்கும்போது செலவில்லை என்னும் சீமாசின் பழம்பெருமை குலைந்தது. இதனால் நுண்செயலியின் பயன்படாத பகுதிகளை மின்வழங்கலிலிருந்தே துண்டிக்கும் முறை தேவைப்பட்டது.

தேயும் தட்டு

வன்தட்டின் காந்தத் தகடுகள் இடைவிடாது சுழல்பவை. அவற்றை நிறுத்தினால் மிச்சம். ஆனால் மீண்டும் சுழற்றக் கூடுதல் ஆற்றல் வேண்டும். சுழலும்போது 1 வாட், நின்றபின் 0.2 வாட், மீண்டும் சுழற்றக் கூடுதலாக 12 ஜூல் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 0.8 ஜூல் மிச்சமாவதால், 15 நொடிக்கு மேல் நின்றிருந்தால்தான் இலாபம். அதற்குள் வேலை வந்துவிட்டால் நட்டம், காத்திருப்பும் கூடுதல். அடுத்த வேலை எப்போது வரும் என்பதை யார் அறிவார்? எல்லா உறக்க முறைகளிலும் அடிப்படைச் சிக்கல் இதுதான்: வருங்காலத்தை ஊகித்தாக வேண்டும்.

தகட்டை நிறுத்தாமல், படிக்கும் முனையை மட்டும் ஓரத்திற்கு ஒதுக்கினாலும் காற்றின் உராய்வு குறைந்து சிறிது மிச்சமாகும். ஆனால் ஒவ்வோர் ஒதுக்கமும் ஒரு தேய்மானம். மடிக்கணிப்பொறித் தட்டுகள் பல 6,00,000 ஒதுக்கங்களுக்கு உரியனவாக அமைக்கப்பட்டவை. நிமிடத்திற்கு இருமுறை ஒதுங்கினால் ஒரு நாளில் 2,880 முறை. 208 நாள்களில், அதாவது ஏழே மாதங்களில், அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும்! 2007 வாக்கில் லினக்ஸ் பயன்படுத்திய பலர் தம் தட்டுகளில் இந்த எண்ணிக்கை விரைந்து ஏறுவதைக் கண்டு திடுக்கிட்டனர். சில வாட் மணி மின்சாரத்திற்காகத் தட்டையும், அதிலுள்ள செய்திகளையும் பணயம் வைப்பது அறிவுடைமையாகாது. சுழலும் தகடே இல்லாத திண்மநிலைச் சேமிப்பகங்கள் பரவிய பின்னரே இக்கவலை குறைந்தது.

தட்டி எழுப்பும் நிரல்கள்

உறங்கத் தெரிந்த நுண்செயலியையும் மென்பொருள் உறங்கவிடவில்லை. வேலை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே, இயக்க அமைப்பு அதனை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறையோ ஆயிரம் முறையோ தட்டி எழுப்பியது. 2007 ஏப்ரலில் வெளியான லினக்ஸ் 2.6.21 பதிப்பு, தேவையில்லாத போது இத்துடிப்பை நிறுத்தக் கற்றது. அவ்வாண்டே இன்டெல் வெளியிட்ட பவர்டாப் என்னும் கருவி, எந்த நிரல் எத்தனை முறை எழுப்புகிறது என்பதைப் பட்டியலிட்டுக் காட்டியது. குற்றவாளி யாரென்று தெரிந்ததும் பல நிரல்கள் விரைவில் திருத்தப்பட்டன.

அதே 2007இல், கூகுள் நிறுவனத்தின் பரோசோ, ஹோல்சலே ஆகிய இருவரும் பெரிய தரவு மையங்களைப் பற்றி ஓர் உண்மையை எடுத்துரைத்தனர். அங்குள்ள கணிப்பொறிகள் முழுவேலையும் செய்வதில்லை. முழு ஓய்விலும் இருப்பதில்லை. பெரும்பாலும் 10 முதல் 50 விழுக்காடு வேலையிலேயே காலம் கழிக்கின்றன. ஆகவே அவற்றை உறங்க வைக்க வாய்ப்பே அமைவதில்லை. அன்றைய சிக்கனமான பொறியும் ஏறக்குறைய சும்மா இருக்கும்போதே தன் முழுத்திறனில் பாதியைச் செலவிட்டது. உறக்கத்தைவிட, வேலைக்கேற்ற அளவு மட்டும் உண்ணும் பொறியே தேவை என்பது அவர்களின் முடிவு.

எதிர்பாராத ஆபத்து

மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் மென்பொருள் மாற்றலாம் என்றால், கெட்ட எண்ணம் கொண்ட மென்பொருளும் மாற்றலாமன்றோ? 2017இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கைப்பேசிச் சில்லு ஒன்றை அதன் வரம்பு மீறிய வேகத்தில் ஓட்டிக் கணக்கைப் பிழையாக்கி, அதன் வழியே இரகசியச் சாவியைப் பெறலாம் என்று காட்டினர். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் ஆய்வு, மின்னழுத்தத்தைக் குறைத்தும் இவ்வாறு செய்யலாம் என்று நிறுவியது. அந்த வசதியைப் பூட்ட வேண்டியதாயிற்று; தம் பொறி குளிர்ச்சியாக இயங்க அழுத்தத்தை நேர்மையாகக் குறைத்து வந்தவர்களும் அதை இழந்தனர். 2022இல் வெளிவந்த ஹெர்ட்ஸ்பிளீட் ஆய்வோ, வேகம் மாறும் முறையைக் கவனித்தே உள்ளே நடக்கும் கணக்கின் இரகசியத்தை ஊகிக்கலாம் என்று காட்டியது.

எது நிலைத்தது?

இவ்வரலாற்றில் உண்மையாகவே பெருமளவு ஆற்றலை மிச்சப்படுத்தியவை யாவை? வான்லாசின் இரட்டை மதகு. தானே உறங்கும் திரை. வேலைகளுக்கு இடையிலுள்ள மைக்ரோ நொடிகளில் நுண்செயலி எடுக்கும் குட்டித் தூக்கம். இவை மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு. பயன்படுத்துவோருக்கு இவை இருப்பதே தெரியாது. தெரியாததால் எவரும் அவற்றை நிறுத்துவதில்லை. தொல்லை தந்த முறைகளோ, எத்துணைச் சிறந்தவையாயினும், ஒரே பொத்தானில் அணைக்கப்பட்டன.

கணிப்பொறி வைத்திருப்போர் இதிலிருந்து சில நடைமுறைகளைக் கைக்கொள்ளலாம். திரை சில நிமிடங்களில் அணையுமாறு அமைப்பதில் எந்த இழப்பும் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். சிறு இடைவேளைக்கு இலேசான உறக்கமும், இரவுக்கும் பயணத்துக்கும் ஆழ்ந்த உறக்கமோ முழு அணைப்போ பொருந்தும். எவ்வகை உறக்கமாயினும், எழுதியதைச் சேமித்த பின்னரே மூடியை மூடுங்கள். உறக்கத்தால் தொல்லை நேர்ந்தால் அதனை முழுதும் நிறுத்திவிடாமல், எந்தச் சாதனம் அல்லது எந்த நிரல் அதற்குக் காரணம் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் ஒன்றிடம்தான் இருக்கும். தண்டனையை மின்கட்டணமாக நாம் செலுத்த வேண்டியதில்லை.